ஓடுகிற கடிகாரம் நலமாயிருக்கிறதா?

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலை அடுத்த கடைவீதியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத ஒரு வாட்ச் ரிப்பேர் கடையின் முன்னால், கார்த்திகைக்குச் சில வாரங்களுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுதில், பீங்கான் தொழிற்பேட்டையிலே அகல் விளக்குச் சூளை வைத்து நடத்துகிற நடுவயதுக்காரர் ஒருவர் தம் மணிக்கட்டிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்த கைக்கடிகாரம், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் துபாயில் வாங்கியது என்று அவரே சொல்லாவிட்டால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கன்னங்கரிய பீங்கான் கூடு, பீங்கான் செயின், விளக்கு வெளிச்சத்தில் எப்படித் திருப்பினாலும் கண்ணுக்கு ஒரு கீறல் தென்படவில்லை.

"பாருங்கய்யா, ஒரு கோடு விழலை. எந்நேரமும் மண்ணுலயும் சூளையிலயும்தான் கெடக்கறேன். நாளைக்கு ரெண்டு நிமிஷம் பின்னால போவுது. அதை மட்டும் சரி பண்ணிக் குடுத்தாப் போதும்."

"கடைசியா எப்பத் தம்பி தொறந்தது?"

"தொறக்கவே இல்லீங்களே. நல்லாத்தானே ஓடுது?"

கடைக்காரப் பெரியவர் பதில் சொல்லவில்லை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பின்மூடியை நிதானமாகத் திருகிக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, அந்த மனிதரையும் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. வெளியிலே புத்தம் புதிதாயிருந்த அந்த யந்திரத்தின் உள்ளே, எண்ணெய் பிசுக்காகி, பிசுக்கும் உலர்ந்து, பழுப்பு நிறப் பொருக்காகச் சக்கரங்களின் அச்சோரத்தில் ஒட்டியிருந்தது. மூடியின் உட்புறத்திலே, கை அசைவினால் சுழன்று தானே சாவி ஏற்றிக்கொள்ளும் ரோட்டார் என்னும் அரைவட்டத் தகடு உராய்ந்து உராய்ந்து வில்லைப்போல் வளைந்த கோடுகளைப் போட்டிருந்தது.

"ஓடுது தம்பி. ஆனா எண்ணெய் இல்லாம ஓடுது" என்றார் பெரியவர்.

சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச் 10ஆம் நாள் கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கை 2025 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்து, அந்நாட்டுக் கடிகாரங்களின்மீதுள்ள சுங்கவரி படிப்படியாகக் குறையவிருப்பதால், விலையுயர்ந்த வாட்சைப் பற்றிய பேச்சு இன்று பட்டணத்துக் கனவான்களோடு நின்றுவிடாமல் சிற்றூர்களின் கல்யாணப் பந்தல் வரை வந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 2022 டிசம்பரில், அப்போது பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராயிருந்த கே. அண்ணாமலை அணிந்திருந்த பெல் அண்ட் ராஸ் நிறுவனத்தின் ரஃபேல் கடிகாரம், உலகத்திலேயே 500 மட்டும் செய்யப்பட்ட வகை, தமிழ்நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் விலையைப் பற்றியும் ரசீதைப் பற்றியும் வீதிக்கு வீதி பேசினோம். அதன் கூடு பீங்கானால் ஆனது என்பதையோ, அப்படிப்பட்ட ஒரு யந்திரத்தை எத்தனை ஆண்டுக்கொரு முறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையோ நாம் விசாரிக்கவில்லை. வாங்குகிற விலையைப் பற்றி அநேகர் பேசுகிறார்கள். பேணுகிற முறையைப் பற்றிப் பேசுபவர் வெகு சிலர்.

மேனிக்கு வயதில்லை, உள்ளுக்கு உண்டு

பீங்கானின் குணம் விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதிதன்று. நெய்வேலிச் சுரங்கப் பிரதேசத்தில் கிடைக்கும் வெண்களிமண்ணைக் குழைத்து, அச்சிலே வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, அகலும் பொம்மையும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் செய்கிற ஊர் இது. அந்த வித்தையைக் கற்பிக்கவென்றே ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் இங்கு உண்டு. கடிகாரத்துக்கு ஆகும் பீங்கான் வேறு ஜாதி. சிர்கோனியா என்னும் நுண்பொடியை அச்சிலே அழுத்தி, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு, வைரத்தூள் கொண்டு மெருகேற்றுவது அது. ரேடோ நிறுவனம் 1986இல் பீங்கான் செயின் கொண்ட கடிகாரத்தை வெளியிட்டதற்குப் பின்னர் இந்தப் பொருள் பிரசித்தமாயிற்று. ஆயினும் பொடி சூளையில் சுருங்கி இறுகும் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. சுட்டு முடிந்த பொருள் எஃகுக்கும் வளையாது, வியர்வைக்கும் கறுக்காது; கீழே விழுந்தால் மாத்திரம் உடையும். உடைந்தால் ஒட்ட முடியாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்கிற வாக்கியத்தைப் பழமொழியாக நாம் சொல்கிறோம். தொழிற்பேட்டையிலே அது தினசரி அனுபவம்.

இந்த அழியாத மேனியே கடிகாரத்துக்கு ஓர் அபாயமாக முடிகிறது என்பது என் அபிப்பிராயம். எஃகுக் கூடாயிருந்தால், ஐந்தாறு வருஷத்தில் கீறலும் மங்கலும் கண்டு, உடையவர் தாமாகவே 'ஒரு தரம் கொடுத்துப் பார்க்கலாம்' என்று எண்ணுவார். பீங்கானோ, அந்த எச்சரிக்கையைத் தருவதேயில்லை. உள்ளேயிருக்கிற எண்ணெய்க்கும், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

எண்ணெயைத் துரத்திய மேதைகள்

சக்கரமும் அச்சும் உள்ள எந்த யந்திரமும் எண்ணெயை நம்பியே ஜீவிக்கிறது. கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிஸன், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, எண்ணெய் கெட்டுப்போவதால் காலம் பிசகுகிறது என்பதை உணர்ந்து, தானே பசை கசியும் ஒருவகைக் கடின மரத்தால் அச்சுக்குழிகள் அமைத்து, எண்ணெயே வேண்டாத கடிகாரங்களைச் செய்து பார்த்தார். பிற்காலத்தில் கடற்பன்றியின் தாடையெலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைக் கடிகாரங்களுக்கு இட்டார்கள். இன்று ரசாயன முறையில் செய்த எண்ணெய்கள் வந்துவிட்டன. ஆங்கிலேயரான ஜார்ஜ் டேனியல்ஸ், பல்சக்கரத்தின் பற்கள் சறுக்கி உராய்வதைக் குறைக்கும் ஒரு புதிய அமைப்பைக் கண்டுபிடித்து, சுவிஸ் நிறுவனங்களின் வாயில்களில் வெகுகாலம் ஏறியிறங்கியபின், 1999இல் ஒமேகா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் அனைவரும் பாடுபட்டதன் பயன், எண்ணெயின் ஆயுள் நீண்டது. எண்ணெயின் தேவை ஒழியவில்லை.

---

பெட்டிச் செய்தி: துடிப்புக் கணக்கு

இன்றைய உயர்ந்த ரக வாட்சுகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 8 முறை துடிப்பவை. அதாவது மணிக்கு 28,800, நாளொன்றுக்கு 6,91,200, ஆண்டொன்றுக்கு 25 கோடிக்கு மேல். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 126 கோடித் துடிப்பு. நம் தந்தையர் கட்டிய எச்.எம்.டி. ஜனதா விநாடிக்கு 5 முறை துடித்தது, நாளொன்றுக்கு 4,32,000. நிமிஷத்துக்கு 72 முறை துடிக்கும் மனித இருதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துச் சொச்சமே துடிக்கிறது. இத்தனை வேலையையும் தாங்குவது, செயற்கை மாணிக்கக் கல்லின் குழியிலே தங்கியிருக்கும், ஊசிமுனையளவு எண்ணெய்.

---

பத்தா, ஐந்தா?

எத்தனை ஆண்டுக்கொரு முறை என்னும் கேள்விக்குச் செய்கிறவர்களே ஒரே விடை தருவதில்லை. ரோலெக்ஸ் நிறுவனம், மாதிரியையும் அணியும் விதத்தையும் பொறுத்து ஏறத்தாழ 10 ஆண்டு என்கிறது. ஒமேகா, 5 முதல் 8 ஆண்டு என்கிறது. கடைவீதியில் உட்கார்ந்திருக்கும் நம் பெரியவரோ, மூன்று வருஷத்துக்கு ஒரு 'ஓவராயில்' என்பார். அவர் தொழில் பழகிய நாளில் எண்ணெயும் மட்டம், கூடுகளும் தூசி புகும்படியானவை, ஆகையால் அவர் கணக்கு அந்த நாளைக்குச் சரியான கணக்கு.

நான் கேட்டறிந்தவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: நம் ஊர்களில் தினமும் கட்டிக்கொள்ளப்படும் யந்திரக் கடிகாரத்துக்கு 5 ஆண்டு, நீர் புகாமையைப் பரிசோதிப்பதற்கு ஆண்டுக்கொரு முறை. பழமலைநாதர் கோயிலில் ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தேர், ஐந்து தீர்த்தம் என்று எல்லாவற்றையும் ஐந்தாக எண்ணிப் பழகிய, திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தாருக்கு இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்வது சிரமமாயிராது. செய்தவர் சொன்ன பத்து ஆண்டை நான் ஏன் சுருக்குகிறேனென்றால், கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் காலை முதல் மாலை வரை வியர்த்துக்கொண்டேயிருக்கும் மணிக்கட்டுக்கும், குளிரூட்டிய அறையில் கையெழுத்துப் போடும் மணிக்கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பொது விதியும் கணக்கில் கொள்ள முடியாது. வெப்பம் எண்ணெயை இளக்கி இடம் பெயரச் செய்கிறது. வியர்வையின் உப்பு ரப்பர் வளையத்தின் ஓரத்தில் படிந்து அரிக்கிறது.

இந்த வளையத்தின் முக்கியத்துவத்தை விளக்க நம் கோயில்களிலேயே ஓர் உதாரணம் உண்டு. மூலவிக்கிரகத்தைப் பீடத்தோடு பிணைத்து, அபிஷேக நீர் அடியில் இறங்காமல் காப்பது கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் செய்யும் அஷ்டபந்தன மருந்து. கருங்கல் விக்கிரகம் ஆயிரம் ஆண்டு நிற்கும், மருந்து நில்லாது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை அதைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்யவேண்டும் என்று ஆகமம் அறிந்த பெரியோர் வகுத்தார்கள். கல் நன்றாக இருக்கிறதே என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை.

கட்டாமல் பீரோவிலேயே வைத்திருக்கிறேன், எனக்கென்ன சர்வீஸ் என்று கேட்பவர்களும் உண்டு. அகலில் எண்ணெய் வார்த்துத் திரியேற்றாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டும். நின்ற கடிகாரத்தின் எண்ணெயும் மெல்ல மெல்ல அப்படியே ஆகிறது. மாதத்துக்கொரு நாளாவது சாவி கொடுத்து ஓடவிடுவது நல்லது.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் ஆகாது, அதுதான் சங்கடம். மோட்டார் வண்டி எண்ணெயில்லாவிட்டால் சத்தம் போடும், புகை விடும். கடிகாரம் சப்தமின்றித் தன்னையே தின்றுகொண்டு ஓடும். மயிரிழையினும் சற்றே தடித்த எஃகு அச்சுமுனை, எண்ணெய் வற்றிய கல்குழியிலே வறட்டு உராய்வாகச் சுழலும்போது, முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எஃகுப்பொடி உதிர்கிறது. அந்தப் பொடி மிச்சமிருக்கிற பிசுக்கோடு கலந்து கறுத்த சாந்தாகி, அடுத்த அச்சையும் அரிக்கத் தொடங்குகிறது. இருபுறமும் ஆடிக் காலத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு நாளுக்கு நாள் குறைகிறது. சாவி முழுதும் ஏறிய நல்ல கடிகாரத்தில் அந்தச் சக்கரம் ஒரு பக்கத்துக்கு 270 பாகைக்கு மேல் சுழல வேண்டும். 220க்குக் கீழே இறங்கினால் உள்ளே வியாதி முற்றியிருக்கிறது என்று பொருள். ஒலியைக் கேட்டு இதை அளக்கும் சிறு கருவி இப்போது பல கடைகளில் இருக்கிறது. அளப்பதற்கு மூடியைத் திறக்கவும் வேண்டியதில்லை. கல்யாண நாள்போல் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் இதை அளந்து எழுதி வந்தால், எப்போது பிரிக்க வேண்டும் என்பதைக் கடிகாரமே சொல்லிவிடும்.

எண்ணெய் போன நிலையில் கொடுத்தால் கழுவி எண்ணெயிட்டால் போதும். அச்சு தேய்ந்த நிலையில் கொடுத்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். பல சுவிஸ் நிறுவனங்கள் உதிரிபாகங்களைத் தம் அங்கீகாரம் பெற்றவர்களுக்கன்றி மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு சிறு சக்கரத்துக்காகக் கடிகாரம் எழும்பூர் ரயிலேறிச் சென்னைக்கோ, அங்கிருந்து கடல் கடந்தோ போகவேண்டி வரும். செலவும் காலமும் பன்மடங்காகும்.

நீரினால் வரும் கேடு இன்னும் கொடியது. கிரௌன் என்னும் சாவித் திருகின் அடியிலுள்ள வளையம் இறுகி வெடித்தால், மணிமுத்தாற்றில் முங்க வேண்டுமென்பதில்லை, கைகழுவும் நீரே போதும். கண்ணாடியின் உட்புறத்தில் காலையில் ஒரு மெல்லிய பனி தோன்றி, வெயிலேறியதும் மறையும். மறைந்துவிட்டதே என்று திருப்தியடைகிறவர்களைக் கண்டு எனக்கு உண்மையிலேயே துக்கம் உண்டாகிறது. ஏனென்றால் அந்த ஈரம் எங்கும் போய்விடவில்லை, உள்ளேயுள்ள எஃகில் துருவாக உட்கார்ந்திருக்கிறது. பனி கண்ட கடிகாரத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கு கிடையாது; அன்றைக்கே திறக்க வேண்டும். முகப்பிலே 30 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்பதற்கு அனுமதியன்று. அசையாத நீரின் அழுத்தத்தை வைத்துச் செய்த பரிசோதனையின் அளவு அது.

பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்காரர்களும் நிம்மதியாயிருக்க இடமில்லை. நின்றுபோன பாட்டரியை மாற்றாமல் உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து தகட்டை அரித்துவிடும். நின்ற வாரமே மாற்றுங்கள். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

---

பெட்டிச் செய்தி: சூளைத் தூளும் கடிகாரமும்

பீங்கான் மண்ணிலும் அதைக் குழைக்கும் கலவையிலும் குவார்ட்ஸ் என்னும் சிலிகாத் தூள் இருக்கிறது. இது சாதாரண எஃகைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்தால் சாணை பிடிக்கும் சாந்துக்கு ஒப்பாகும். ஆகையால் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் தூசி படிந்த கையோடு சாவித் திருகை இழுக்கலாகாது. வீட்டுக்கு வந்து, ஈரத்துணியால் கூட்டையும் செயின் இடுக்குகளையும் துடைத்தபின், அவசியமானால் திருகைத் தொடலாம். தேதி தானே மாறும் யந்திரங்களில், இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றாதிருப்பது க்ஷேமம்.

---

யாரை நம்பிக் கொடுப்பது?

சென்னை மவுண்ட் ரோடில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் மணிக்கூண்டோடு எழுப்பிய மாளிகை நாள் தொடங்கி, கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் தமிழ்நாட்டில் ஒரு கௌரவமான வித்தையாக வளர்ந்தது. 1961இல் ஜப்பானிய சிட்டிஸன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் பிறந்தபின், ஊருக்கு ஊர் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் உண்டானார்கள். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியதும், பாட்டரி மாற்றத் தெரிந்தால் போதும் என்ற நிலை வந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு தீர்மானித்தபோது, எஞ்சியிருந்த பழைய கைவினைஞர்கள் உதிரிபாகங்களுக்காகப் பழைய வாட்சுகளையே உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஹேர்ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருள்வில்லை நேராக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவரைப் பொக்கிஷமாக எண்ணுங்கள்.

ஆயினும் பீங்கான் கூட்டை எல்லாரிடமும் கொடுக்கலாகாது. மூடியைத் திறப்பதற்காக இரும்புப் பிடியில் வைத்து நெருக்கினால் பீங்கான் ஓரம் சில்லாகத் தெறித்துவிடும். நம் பெரியவர் ரப்பர் மெத்தையில் வைத்துத் திருகினார், பிறகு, "இதுக்கு மேல நான் கை வெக்கக் கூடாது. பார்ட் எனக்குக் கெடைக்காது. மெட்ராசுல கம்பெனி ஆளுங்ககிட்டயே குடுங்க தம்பி" என்று சொல்லி, பார்த்ததற்குக் காசும் வாங்க மறுத்துவிட்டார். தம் வித்தையின் எல்லையை அறிந்த அந்த மனிதரிடம் எனக்கு உண்டான மரியாதையை இங்கே பதிவு செய்வது என் கடமை.

கொடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊரிலே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுப்பதற்கு முன், மாற்றுக் குறையாமல் வந்து சேர்ந்ததா என்று ஒத்துப்பார்க்க ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பது ஐதிகம். இறைவனிடத்தில் ஒப்படைத்தவரே மச்சம் எடுத்தார். நீங்களும் கடிகாரத்தை எல்லாப் பக்கமும் படமெடுத்து, அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நான் இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த கடிகாரத்தில் முட்கள் மாறியிருப்பதைக் கண்டும் நிரூபிக்க வகையின்றி நின்றேன்.

---

பெட்டிச் செய்தி: கொடுக்குமுன் கேளுங்கள்

யந்திரத்தை முற்றிலும் பிரித்துக் கழுவுவீர்களா, அல்லது மேலோடு எண்ணெய் விடுவீர்களா? பிரிக்காமல் விடும் எண்ணெய் பழைய அழுக்கைக் கலக்கிவிடும். எல்லா ரப்பர் வளையங்களையும் மாற்றுவீர்களா? அழுத்தப் பரிசோதனைச் சீட்டுத் தருவீர்களா? மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? எஃகு அல்லது தங்கக் கூடானால், நான் சொல்லாமல் மெருகு போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மெருகும் உலோகத்தைச் சிறிது தேய்த்து, கூட்டின் விளிம்புகளை மழுக்கிவிடுகிறது. பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் விலை குறையும்.

---

மூடியின் உட்புறம்

பழைய கைவினைஞர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடிகாரத்தைச் சர்வீஸ் செய்து முடித்ததும், பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியையும் தம் அடையாளத்தையும் வெகு சிறிதாகக் கீறிவைப்பார்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது கடிதம். என் தகப்பனாரின் எச்.எம்.டி.யை அன்று அதே கடையில் திறந்து காட்டினேன். மூடியின் உள்ளே ஏழு கீறல்கள் இருந்தன, முதலாவது 1974ஆம் ஆண்டினது. சாதாரணப் பள்ளிக்கூட உபாத்தியாயர் சம்பளத்தில், மூன்று நான்கு வருஷத்துக்கொரு முறை அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கியிருக்கிறார். அது இன்றும் நாளைக்கு அரை நிமிஷத்துக்கு மேல் பிசகுவதில்லை.

சூளைக்காரர் அந்த ஏழு கீறல்களையும் லென்ஸ் வழியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகை முடிந்து அகல் வியாபாரம் ஓய்ந்ததும் சென்னைக்குப் போய் வந்தார். ரோட்டாரின் அச்சும் இரண்டு சக்கரங்களும் மாற்ற வேண்டியதாகி, ஐந்து ஆண்டுக்கொரு முறை கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய மூன்று சர்வீஸின் செலவு ஒரே தடவையில் ஆயிற்று. கடிகாரம் கைக்கு வர ஏழு வாரம் பிடித்தது.

வாசகர்களே, உங்களிடம் அப்படி ஒரு கடிகாரம் இருந்தால், அதை வாங்கிய ரசீதையோ கடைசியாகத் திறந்த சீட்டையோ இன்றிரவே தேடியெடுத்துத் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்திருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்.